சந்தேகம் போதும்

க்ரோவோய் தீவில் எனக்கு இரண்டு மேசை, இரண்டு தொலைபேசி, இரண்டு பதவி. திங்கள் முதல் வியாழன் வரை சுகாதார மையத்தில் உட்கார்ந்து இருமலும் மூட்டுவலியும் பார்க்கிற டாக்டர். வெள்ளிக்கிழமை மட்டும் தெருவைக் கடந்து, எதிரே இருக்கும் ஊராட்சி அலுவலக மாடிக்கு ஏறிப்போய், சுகாதார அதிகாரி. தொள்ளாயிரம் பேர் இருக்கிற தீவுக்கு இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு ஆள் எதற்கு என்று நான் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். மோசமான தொற்று ஒன்றைக் கண்டால் டாக்டர் உடனே அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்துத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் தீவில் அதற்கு அர்த்தம், தோர்டிஸ் ஆகிய நான் தோர்டிஸ் ஆகிய எனக்கே போன் செய்ய வேண்டும் என்பதுதான்.

மோல்ஃப்ரிட் இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள். இருபத்திரண்டு வருடமாக மையத்தின் வரவேற்பு, ரத்தப் பரிசோதனை, காபி மூன்றும் அவள் கையில்தான். என்னைவிட மூன்று வயது பெரியவள். குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடித்துவிட்டு, புதினா மிட்டாயை மென்றபடி உள்ளே வருவாள்.

"டாக்டரம்மா, அந்த அதிகாரியம்மா ரொம்ப சிடுமூஞ்சியாம். போன் பண்றதா இருந்தா காலைலயே பண்ணிடு. மத்தியானத்துக்கு மேல கடிச்சு வெச்சிடும்."

அந்தக் கேலிக்கு நானும் எண்ணெய் ஊற்றினேன். சின்ன ஊரில் ஒருத்தியிடம் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். கடையில் பால் எடுக்கும்போது ஒருவர் தன் மூலத்தைப் பற்றிப் பேசுவார். படகுத்துறையில் இன்னொருவர் குடிதண்ணீர் மங்கலாக வருவதைப் பற்றிப் பேசுவார். அதனால் ஒரு வேலி போட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை யாராவது ஊர்ப் பிரச்சினையை எடுத்தால், "நான் இன்னிக்கு வெறும் டாக்டர், அத நாளைக்கு அந்த அம்மாகிட்ட சொல்லுங்க" என்பேன். ஜனங்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்த வேலியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆகஸ்ட் மாதம் கடைசி வியாழக்கிழமை காலை அன்ஃபின் வந்தார். எழுபத்தாறு வயது. நாற்பது வருடம் எங்கள் படகுத்துறைக்கும் எதிர்க் கரைக்கும் நடுவே ஃபெர்ரி ஓட்டிய கேப்டன். தோளில் நீச்சல் பை. பதினொரு மணிக்குப் பள்ளி நீச்சல் கூடத்தில் பென்ஷன்காரர்களின் வெந்நீர்க் குளியல் இருந்தது. போகிற வழியில் என்னையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்.

"ரெண்டு நாளா வறட்டு இருமல், தோர்டிஸ். தலை பிளக்குது. வயிறு வேற போய்க்கிட்டே இருக்கு. நான் பேசாமத்தான் இருந்தேன், வீட்டுக்காரி யோருன்தான் போய்க் காட்டுன்னு தொரத்தி விட்டா."

"முப்பத்தொம்பதரை காய்ச்சல் அடிக்குது. இந்த லட்சணத்துல குளிக்கப் போறீங்களா?"

"குளிக்கவா போறேன்? மோல்ஃப்ரிட் சுடுற வாஃபிளுக்காகப் போறேன்."

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மோல்ஃப்ரிட் கருவியில் போட்டாள். உடம்புக்குள் தொற்று எவ்வளவு என்று காட்டுகிற எண், ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டியது, நூற்று எண்பதில் நின்றது. வலது நுரையீரலின் அடியில் பனியை மிதிப்பது போல நொறுநொறுவென்று கேட்டது. நிமோனியா. கரையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன், மாட்டேன் என்றார். பென்சிலின் எழுதினேன். எங்கள் நாட்டில் நிமோனியா என்றால் முதலில் பென்சிலின்தான். பெரிய மருந்துகளை எடுத்த எடுப்பில் வாரி இறைக்காமல் இருப்பதில் எங்களுக்கு ஒரு கர்வமே உண்டு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "இன்னொண்ணு சொல்லணும். போன வியாழக்கிழமை லீவு முடிஞ்சு கூடத்தத் தெறந்தாங்கல்ல. அந்த ஷவர் ரூம்ல சுடுதண்ணி சுடவே இல்ல, வெதவெதன்னு வருது. நான் அளந்தும் பாத்தேன். கப்பல்ல இப்படி வந்தா டாங்க்கையே காலி பண்ணிடுவோம். யார்கிட்டயாவது சொல்லியாகணும்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"அன்ஃபின், இன்னிக்கு வியாழக்கிழமை. நான் வெறும் டாக்டர். அத நாளைக்கு அந்த அம்மாகிட்ட சொல்லுங்க."

"ஆமா, ஆமா. வெள்ளிக்கிழமைதான் அந்தம்மா. இன்னிக்கு என்ன கிழமைன்னு சொன்னே?"

"வியாழன்."

எழுந்து கதவருகே போனவர் திரும்பி, "இன்னிக்கு வெள்ளியா?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கடும் காய்ச்சல், சளி வராத இருமல், தலைவலி, வயிற்றுப்போக்கு, கிழமை தெரியாத குழப்பம், ஒரு வாரத்துக்கு முன் பொது இடத்து ஷவர். இதை அப்படியே ஒரு தாளில் எழுதி மூன்றாம் வருட மாணவனிடம் கொடுத்தால் லெஜியோனெல்லா என்று சொல்லிவிடுவான். தண்ணீர்க் குழாய்களில் வெதுவெதுப்பில் வளர்ந்து, ஷவரின் தூவலில் ஏறி மூச்சோடு உள்ளே போகிற கிருமி அது. பென்சிலின் அதைத் தொடக்கூடத் தொடாது. நான் நோய்க்குறிப்பில் எழுதியது இவ்வளவுதான்: "நிமோனியா, பென்சிலின், மோசமானால் திரும்ப வரவும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஊராட்சி மாடியில், காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது. அது எண் எதுவும் காட்டாத பழைய கருவி.

"சுகாதார அலுவலகம்" என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே இழுக்கும்போது ஒரு உரசல், விடும்போது ஒரு உரசல். யார் என்று இரண்டு தடவை கேட்டேன். பதில் இல்லை. "ஒண்ணுமே கேக்கல, அப்பறம் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பவும் என் காகிதங்களுக்குள் போனேன். பத்து விநாடி இருக்கும்.

மதியம் இரண்டு மணிக்கு யோருன் ஆம்புலன்ஸ் படகைக் கூப்பிட்டாள். நான் துறைக்கு ஓடியபோது அன்ஃபினின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. படகு பாதி வழி போய்த் திரும்பி வந்தது. நாற்பது வருடம் அவர் தினம் எட்டுத் தடவை கடந்த அதே நீரில்தான் அவர் மூச்சு நின்றது. இறப்புச் சான்றிதழில் நான் கையெழுத்துப் போட்டேன். காரணம்: நிமோனியா. பிரேதப் பரிசோதனை வேண்டுமா என்ற கட்டத்தில் வேண்டாம் என்று குறியிட்டேன். வயதானவர், யாரும் கேள்வி கேட்கவில்லை.

புதன்கிழமை அடக்கம் செய்தோம். மறுநாள் காலை வீட்டில் குளிக்கப் போனபோது ஷவரைத் திறக்க நீட்டிய கை நின்றுவிட்டது. தண்ணீர் இன்னும் வரவே இல்லை. ஆனால் குழாய்க்குள் யாரோ இருமியது போல இருந்தது. நான் பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை. முப்பது வருடமாகப் பிணங்களின் கண்ணை மூடிவிட்டு நேராக வீட்டுக்குப் போய் மீன் சூப் குடிக்கிறவள். அன்றைக்கு ஷவர் தலையைக் கழற்றி, உருளைக்கிழங்கு வேகவைக்கிற பானையில் போட்டு, இருபது நிமிடம் கொதிக்க வைத்தேன். சுண்ணாம்பு படிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் தீவுத் தண்ணீரில் சுண்ணாம்பே கிடையாது.

கொதிக்க வைத்த பிறகும் அதன் கீழே நிற்க முடியவில்லை. வாளியில் கெட்டில் தண்ணீரைக் கலந்து, கிண்ணத்தால் மொண்டு ஊற்றிக்கொண்டேன். மனசுக்குத் தெரிந்துவிட்டது, வாய்தான் திறக்கவில்லை. அதிகாரிக்குத் தெரிவிப்பதற்கான விதியில் ஒரு வரி இருக்கிறது: நிரூபணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், சந்தேகம் போதும். அந்த வரியைத் தீவுக்கு வந்துபோன பயிற்சி டாக்டர்கள் எல்லோரிடமும் நானே ஒப்பித்திருக்கிறேன். சொன்னால், அன்ஃபினுக்குக் கொடுத்த மருந்து தப்பு என்றும் சொல்ல வேண்டும். யோருன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. ஒரே ஒரு ஆள், நிரூபிக்க ஒரு சொட்டு மாதிரிகூட இல்லை, எல்லாம் மண்ணுக்குள் போயாயிற்று என்று வாதாடினேன். எதிர்வாதம் செய்ய வேண்டிய அதிகாரியும் நானே என்பதால் வாதம் சுலபமாக ஜெயித்தது.

அன்ஃபினின் நீச்சல் பை எங்கள் காத்திருப்பு அறைக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வியாழக்கிழமை மறந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நீலப் பை, வார் மட்டும் வெள்ளை. நான் நோயாளியைக் கூப்பிடக் கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதன் கீழே இருந்த நாற்காலி காலியாகவே இருந்தது. எங்கள் ஊரில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் உட்காருவதுதான் வழக்கம், அதில் அதிசயம் இல்லை. ஆனால் அறை நிரம்பி ஆட்கள் சுவரோரம் நின்ற நாட்களிலும் அதில் யாரும் உட்காரவில்லை.

"அந்தப் பைய நான் யோருன் வீட்டுல குடுத்துடட்டா?" என்றாள் மோல்ஃப்ரிட்.

"இருக்கட்டும். நானே கொண்டுபோறேன்."

"பத்து நாளா இதத்தான் சொல்றே." என்னை உற்றுப் பார்த்தாள். "உன் தலை என்ன இப்படி எண்ணெய் வழியுது? குளிக்கிறதுகூட இல்லையா? நாளைக்கு எங்கூட நீச்சலுக்கு வா. ஷவர்ல அரை மணி நேரம் நிப்பாட்டி நானே தேய்ச்சு விடறேன்."

வியாழக்கிழமைக் குளியலுக்கு உதவிக்குப் போகிறவள் அவள்தான். முதியவர்களுக்குக் கைகொடுத்துக் குளத்தில் இறக்கிவிடுவாள், பிறகு வாஃபிள் சுடுவாள். குளத்தில் இறங்குவதற்கு முன் துணியில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று சுவரில் மனித உருவம் வரைந்து சிவப்பு வட்டம் போட்டிருக்கும். எல்லோரும் ஒழுங்காக நின்று தேய்ப்பார்கள், நீராவியை இழுத்து இழுத்து மூச்சு விடுவார்கள். போகாதே என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். என் வாய் வரை வந்தது.

"எனக்கு நேரமில்ல" என்றேன்.

அடக்கத்துக்குப் பிறகு வந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் காலை ஒன்பது மணிக்கு ஊராட்சி மாடியில் தொலைபேசி ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. இரண்டு தடவையும் எடுத்தேன். இரண்டு தடவையும் யாருமில்லை. மூன்றாவது வெள்ளி வருவதற்குள் மோல்ஃப்ரிட் விழுந்துவிட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. மதியம் நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது போர்வைக்குள் பல் தந்தியடிக்கக் கிடந்தாள்.

"ஒண்ணுமில்ல, சிகரெட்டு பழிவாங்குது" என்றாள். இருமினாள். சளி வரவில்லை. நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டேன். வலது அடியில் அதே நொறுநொறு. அவளை உடனே கரைக்கு அனுப்பினேன். அனுப்புகிற கடிதத்தில் நிமோனியா என்று எழுதினேன். ஷவரைப் பற்றி எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்வார்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள், நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து யோஸ்டெய்ன் என்ற டாக்டர் கூப்பிட்டார். இளைஞர், தூங்காத குரல்.

"உங்க மோல்ஃப்ரிட்ட வென்டிலேட்டர்ல போட்டுட்டோம். பென்சிலினுக்கு அசையவே இல்ல. லெஜியோனெல்லாவா இருக்குமோன்னு அதுக்கான மருந்தும் சேத்துத்தான் ஆரம்பிச்சோம். யூரின் டெஸ்ட் நெகட்டிவ்னு வந்திச்சு, நேத்து அத நிறுத்திட்டோம். உங்க பக்கம் இதே மாதிரி வேற யாராவது இருந்தாங்களா?"

அந்தச் சிறுநீர்ச் சோதனை லெஜியோனெல்லாவில் ஒரு வகையை மட்டும்தான் நன்றாகப் பிடிக்கும். மற்ற வகைகள் வலையின் ஓட்டையில் மீன்குஞ்சு மாதிரி நழுவிவிடும். நெகட்டிவ் என்றாலும் சந்தேகம் இருந்தால் நுரையீரலுக்குள்ளிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியும். ஆனாலும் நெகட்டிவ் என்ற சொல்லைக் கேட்டதும் என் உடம்பே லேசானது. அப்படியானால் அது இல்லை, அன்ஃபினும் அதனால் சாகவில்லை, நான் யாரையும் கொல்லவில்லை.

"இல்ல" என்றேன். "அப்படி யாரும் இல்ல."

வைத்துவிட்டு வழக்கம்போல நோயாளிகளைப் பார்த்தேன். மதியம் அடுத்தவரைக் கூப்பிடக் கதவைத் திறந்தேன். காத்திருப்பு அறையில் யாருமே இல்லை. நீலப் பை மட்டும் கொக்கியில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. வெளியே மரம்கூட அசையவில்லை. யாரோ இப்போதுதான் அதைத் தொட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது.

போய்ப் பையை எடுத்தேன். அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து, மடியில் வைத்துத் திறந்தேன்.

ஒரு துண்டு, நீச்சல் கால்சட்டை, சோப்பு டப்பா. அதற்கடியில் வாட்டிய ஆட்டுத் தொடையில் குத்திப் பார்க்கிற சமையல் வெப்பமானி. ஃபெர்ரிக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். கப்பலில் எழுதுகிற மாதிரியே கட்டம் போட்டு எழுதியிருந்தார்.

"ஆகஸ்ட் 18, வியாழன், 10.50. நீச்சல் கூடம், ஆண்கள் பக்கம். சுடுதண்ணீர்க் குழாய், ஐந்து நிமிடம் ஓடவிட்ட பின்: 41. இரண்டாவது குழாய்: 40. இருக்க வேண்டியது: 60க்கு மேல். காற்று: தென்மேற்கு, மிதம்."

அதற்குக் கீழே பென்சிலில், எழுத்து கோணல்மாணலாகப் போயிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

"இன்று வியாழன். டாக்டர் மட்டும். நாளை வெள்ளி, 9 மணி. தோர்டிஸிடம் சொல்ல வேண்டும்."

அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு யார் மூச்சைக் கேட்டேன் என்று எனக்கு அப்போது தெரிந்தது. எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அழுகையின் நடுவே இன்று புதன் என்பது உறைத்தது. நாளை வியாழன், பதினொரு மணிக்கு இருபத்து மூன்று பேர் அந்த ஷவரின் கீழே நிற்பார்கள்.

முதலில் யோஸ்டெய்னைக் கூப்பிட்டேன்.

"நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். இன்னொருத்தர் இருந்தாரு. அதே நீச்சல் கூடம், அதே ஷவர். நான் பென்சிலின் குடுத்தேன், மறுநாள் செத்துட்டாரு. எந்த மாதிரியும் எடுக்கல. நிறுத்தின மருந்த இப்பவே ஆரம்பிங்க. நுரையீரல்ல இருந்து நீர் எடுத்து அனுப்புங்க. யூரின நம்பாதீங்க."

"காலைலயே சொல்லியிருந்தா நாலு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்" என்றார். கோபம்கூட இல்லை, கணக்கு சொல்கிற மாதிரி சொன்னார். "சரி, வைங்க. நான் ஓடணும்."

பிறகு சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தேன். சுகாதார அதிகாரியின் எண்ணைச் சுழற்றினேன். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம், பூட்டிய மாடி அறையில், என் தொலைபேசி அடிப்பது எனக்கே கேட்டது. நாலாவது மணியில் பதிவுக் கருவி எடுத்துக்கொண்டது. அதில் வரவேற்புக் குரல் பதிய நான் ஒருநாளும் மெனக்கெட்டதில்லை. க்ளிக் என்ற சத்தம், பிறகு மௌனம். என் மூச்சு மட்டும் போய் வந்தது. பிறகு சொன்னேன்: "லெஜியோனெல்லா சந்தேகம். ரெண்டு பேர். ஒருத்தர் இறந்துட்டார்."

பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெய்னாரைக் கூட்டிக்கொண்டு போய் நீச்சல் கூடத்தைப் பூட்டினேன். ஷவர் தலைகளைக் கழற்றினோம், தண்ணீர் மாதிரி எடுத்தோம். கொதிகலன் நாற்பத்திரண்டில் நின்றது.

"கரண்ட்ட மிச்சம் பிடிக்கணும், சூட்டக் கொறைங்கன்னு ஜூன்ல ஊராட்சில இருந்து கடுதாசி வந்துச்சு. கொறைச்சேன்" என்றார் ஸ்டெய்னார்.

"லீவு முடிஞ்சதும் ஏத்தணும்ல?"

"ஏத்தச் சொல்லிக் கடுதாசி வரலையே."

கடிதத்தை எடுத்துக் காட்டினார். அடியில் "நகல்: சுகாதார அதிகாரி" என்று இருந்தது. எனக்கு அதைப் படித்த ஞாபகமே இல்லை.

வெள்ளிக்கிழமை மாடிக்குப் போய், அதிகாரியாக, பதிவைப் போட்டுக் கேட்டேன். முதல் பத்து விநாடி வெறும் மூச்சு. உள்ளே இழுக்கும்போது ஒரு உரசல், விடும்போது ஒரு உரசல். அது என் மூச்சுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கருவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் போய் நின்றேன். அன்று ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அது ஒற்றை மணி அடித்து நின்றதில்லை.

மோல்ஃப்ரிட்டின் நுரையீரல் நீரிலும் ஷவர் தண்ணீரிலும் ஒரே கிருமி இருந்தது. சிறுநீர்ச் சோதனை பிடிக்காத வகை. அவள் பதினோரு நாள் இயந்திரத்தில் கிடந்து பிழைத்தாள். அக்டோபரில் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பானையில் ஷவர் தலையைக் கொதிக்க வைத்ததையும் சொன்னேன். பாதியாக இளைத்திருந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

"எந்தத் தேதி கொதிக்க வெச்சே?" என்று கேட்டாள்.

"செப்டம்பர் ஒண்ணாந்தேதி."

"அன்னிக்கும் சேத்து, அதுக்கப்பறம் ரெண்டு வியாழக்கிழமை போயிருக்கேன்." கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "வான்னு நான் உன்னக் கூப்பிட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தோர்டிஸ்."

இருபத்திரண்டு வருடத்தில் கேலி இல்லாமல் அவள் என் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா என்று அவள் அதன் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை.

மேலிடத்துக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அதில் ஒரு கட்டம்: முதல் சந்தேகம் யாரால், எப்போது தெரிவிக்கப்பட்டது. அதைக் காலியாக விட்டுவிட்டு, நீலப் பையை எடுத்துக்கொண்டு யோருன் வீட்டுக்குப் போனேன். அவள் காபி ஊற்றினாள். நான் காபியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து தப்பு என்று சொன்னேன். தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

யோருன் அந்தக் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அன்னிக்குக் காலைல நான்தான் நம்பரச் சுத்திக் குடுத்தேன்" என்றாள். "இன்னிக்கு வெள்ளிதானேன்னு என்னப் போட்டுப் படுத்தி எடுத்துட்டாரு. நான் காபி போட உள்ள போயிட்டேன். வந்து பாத்தா போன வெச்சுட்டு சிரிச்ச முகமா உக்காந்திருக்காரு. 'சொல்லிட்டேன், தோர்டிஸ் எழுதிக்கிட்டா'ன்னாரு. அதுக்கப்பறம்தான் நிம்மதியாப் படுத்தாரு."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"எழுதிக்கிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவள் திட்டவில்லை. எழுந்துபோய், அன்ஃபின் குறுக்கெழுத்துப் போடுகிற பென்சிலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"அப்போ இப்ப எழுது."

என் கைப்பையிலிருந்து அறிக்கையை எடுத்தேன். ஆகஸ்ட் 26, வெள்ளி, காலை 9 மணி என்று எழுதினேன். தெரிவித்தவர்: அன்ஃபின், ஃபெர்ரி கேப்டன். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் என் பேரை எழுதினேன்.

"காத்தையும் போடு" என்றாள் யோருன். "காத்து எழுதாம அவரு எதையும் முடிக்க மாட்டாரு."

"அன்னிக்கு என்ன காத்து?"

அவள் யோசித்தாள். "அன்னிக்குக் காத்தே இல்ல" என்றாள்.

கட்டத்தின் ஓரத்தில் அதையும் எழுதினேன்: காற்று இல்லை.